எட்டாம் வகுப்புச் சனிக்கிழமைகள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் நின்றால் அந்தப் பையனைப் பார்க்கலாம். தாண்டிக்குடிப் பக்கமிருந்து இறங்கி வரும் பஸ்ஸில், வாழைத்தார்களுக்கும் சாக்கு மூட்டைகளுக்கும் நடுவே காக்கி உடுப்பில் வந்து இறங்குவான். இஸ்திரி மடிப்புக் கலைந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் நின்றுகொண்டே வந்திருப்பான். காலில் ரப்பர் செருப்பு, கையில் துணிப்பை, பைக்குள் பூட்ஸ். ராத்திரி உட்கார்ந்து போட்ட பாலிஷைக் கூட்டத்தில் எவனாவது மிதித்துவிட்டால் பரேடில் பதில் சொல்ல வேண்டியவன் இவன்தானே. டீக்கடை ஓரமாகக் குனிந்து லேஸைக் கட்டி முடித்து நிமிரும்போது ஆளே வேறு மாதிரி இருப்பான்.

அந்த நிமிர்வைப் பார்த்துத்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்.சி.சி.க்குப் பெயர் கொடுக்கிறார்கள். வீட்டில் கையெழுத்துப் போடுகிற அப்பாவுக்கு வேறு கணக்கு: "பின்னாடி போலீஸ் வேலைக்கு ஆகும்ல?" பையன் பார்த்தது நிஜம்தான், அப்பா கேள்விப்பட்டதிலும் பாதி நிஜம். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடச் சனிக்கிழமைகள் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி, பெயர் கொடுக்கும் ஜூன் மாதத்தில் யாரும் பேசுவதில்லை.

என்.சி.சி. நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் பள்ளியில் அதை நடத்துகிறவர் யார் என்று கேட்டால் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும். அந்த ஆளைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் இது என்ன சங்கதி என்று பார்ப்போம்.

முதல் உலகப் போரில் படைக்கு ஆள் பற்றாதபோது, 1917இல் வெள்ளைக்காரன் கல்லூரி மாணவர்களை வைத்துத் தொடங்கிய பல்கலைக்கழகப் படைதான் இதன் பாட்டன். (வத்தலக்குண்டில் பிறந்த விடுதலைப் போராட்டக்காரர் சுப்பிரமணிய சிவாவை அதற்கு ஒன்பது வருடங்களுக்கு முன், 1908இல், சிறையில் தள்ளியதும் அதே அரசுதான்.) விடுதலை நெருங்கிய சமயத்தில் ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் 1946இல் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1948இல் சட்டம் வந்து, அந்த ஜூலையில் தேசிய மாணவர் படை, அதாவது என்.சி.சி., பிறந்தது. மறுவருடமே பெண்களுக்கும் பிரிவு வந்தது. 1950இல் விமானப் பிரிவும் 1952இல் கடற்பிரிவும் சேர்ந்தன. மலையடிவார ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் இருப்பது தரைப்படைப் பிரிவு.

சட்டத்தில் ஒரு விஷயத்தை மட்டும் ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்லிவிட வேண்டும். என்.சி.சி.யில் இருப்பதாலேயே யாரையும் போர்ப்பணிக்கு அழைக்க முடியாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. "பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போயிருவாங்களோ" என்ற பயத்தில் பெண்பிள்ளையின் படிவத்தைக் கிழித்துப் போட்ட வீடு ஒன்றை எனக்குத் தெரியும்.

கட்டாயம் என்பது ஒருமுறை இருந்து பார்த்ததுதான். 1962 சீனப் போரில் அடி வாங்கிய பிறகு, 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள். விருப்பமில்லாதவனுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்டால் என்ன நடக்கும் என்பது ஐந்தே வருடத்தில் தெரிந்துபோய், 1968இல் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் 1916 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இதுபோன்ற பயிற்சி இருக்கிறது. அங்கே சில ஊர்ப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கேட்காமலேயே அந்த வகுப்பில் சேர்த்திருந்தது 2022இல் வெளிவந்து பெரிய பேச்சானது. நம் ஊரில் பட்டியலில் பெயரை எழுதுவதற்கு முன் மாணவனும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். "எல்லாரும் சேர்ந்தாச்சு, நீயும் போடு" என்று வாத்தியார் சொன்னாலும் கூட, வேண்டாமென்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அதே 1968, தமிழ்நாட்டில் இன்னொன்றுக்கும் நினைவில் நிற்கும் ஆண்டு. ஜனவரி 23ஆம் தேதி அண்ணா அரசு சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் இருமொழிக் கொள்கையோடு நிற்கவில்லை, என்.சி.சி.யின் இந்தி ஆணைச்சொற்களையும் எதிர்த்தது. அரை நூற்றாண்டு கடந்த பிறகும் மைதானத்தில் காதில் விழுவது "சாவ்தான்", "விஷ்ராம்", "தேஸ் சல்", "தம்" தான். இதை மறைப்பதில் பொருளில்லை. இந்தி தெரியாதே என்று ஒரு பிள்ளை தயங்க வேண்டியதும் இல்லை. மொத்தமே இருபது முப்பது சொற்கள், அவற்றையும் பொருள் தெரிந்து யாரும் கற்பதில்லை. கால் கற்றுக்கொள்கிறது, காது பின்னால் வருகிறது. எங்கள் வகுப்பில் "பீச்சே முட்" என்பதைக் கடைசி நாள்வரை "பிச்சமுட்டு" என்றே சொல்லிவந்த ஒருவன் இருந்தான். திரும்புவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆணைகள் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க வேண்டியவர்கள் பெரியவர்கள், பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

இனி கணக்கு. பள்ளியில் இருப்பது ஜூனியர் பிரிவு. வயது பன்னிரண்டிலிருந்து பதினெட்டரை வரை. தரைப்படைப் பிரிவில் ஒரு ட்ரூப் என்றால் நூறு பேர். பயிற்சி இரண்டு வருடம் என்பதால் வருடத்துக்கு ஏறக்குறைய ஐம்பது இடம்தான் காலியாகும். எட்டில் சேர்ந்தால் ஒன்பதில் முடியும். எட்டாம் வகுப்பைத் தவறவிட்டு ஒன்பதில் சேர்ந்தால் இரண்டாம் வருடம் பத்தாம் வகுப்பில் வந்து உட்காரும். சிறப்பு வகுப்பு, ரிவிஷன் தேர்வு, தலைமையாசிரியரின் முகம் எல்லாம் அங்கே காத்திருக்கும். அதனால்தான் பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்காரர்களைச் சேர்ப்பதில்லை. சேரும் எண்ணம் இருந்தால் ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவிலேயே விசாரித்து வையுங்கள்.

இரண்டு வருட முடிவில் எழுதுவது 'ஏ' சான்றிதழ்த் தேர்வு. எழுத வேண்டுமானால் வகுப்புகளில் 75 சதவீத வருகையும், ஒரு முகாமும் வேண்டும். இந்த 75தான் வத்தலக்குண்டு வட்டாரத்தில் பாதிப் பேரைக் கவிழ்க்கிறது. பயிற்சி பெரும்பாலும் சனிக்கிழமையில் வரும். கொடிக்கால் வைத்திருக்கும் வீட்டில் சனிக்கிழமை என்பது வெற்றிலை கிள்ளி அடுக்கக் கூடுதலாகக் கை கிடைக்கிற நாள். பூ எடுக்கும் வீட்டிலும் அப்படித்தான், நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு நேரத்தில் போயாக வேண்டும். மலையூர்ப் பிள்ளைக்கோ பஸ்தான் விதி. முதல் பஸ்ஸை விட்டால் அடுத்ததில் வந்து சேர்வதற்குள் ரோல்கால் முடிந்திருக்கும், மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. சேர்வதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசித் தீர்க்காத பிள்ளைகள் தீபாவளிக்குள் மெல்ல நின்றுவிடுகிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்று பள்ளியில் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

சாப்பிடாமல் பரேடுக்கு வருவது அடுத்த தொல்லை. மயங்கி விழுகிற பிள்ளை பலவீனமான பிள்ளை அல்ல, விடிகாலை நாலரைக்கு எழுந்து வெறும் டீயோடு பஸ் ஏறிய பிள்ளை. பரேடு முடிந்து கொடுக்கும் பூரியை நம்பி இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்கக் கூடாது. (அந்தப் பூரிக்காகவே சேர்ந்தவர்கள் உண்டு. நான் உட்பட.) இளைப்பு, வலிப்பு, இதயக் கோளாறு எது இருந்தாலும் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். மறைத்தால் முகாமில் பத்து நாளும் மறைக்க வேண்டியிருக்கும். மாதவிலக்கு நாட்களில் பரேடிலிருந்து விலகி உட்கார ஒரு பெண்பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. "டீச்சரிடம் சொல்லலாம்" என்று பதில் வந்தால் நல்லது. எல்லோரும் மௌனமாக இருந்தால் அதுவே பதில்.

உடுப்பு அரசாங்கம் கொடுப்பது. நான் படித்த காலத்தில் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். இருக்கிற அளவுதான் உன் அளவு. என் கால் ஆறாம் நம்பர், எனக்கு விழுந்தது எட்டு. முன்பக்கம் தினத்தந்தியைக் கசக்கித் திணித்து இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு முதல் மாதம் நடந்தேன். 'தேஸ் சல்' சொன்னதும் நான் ஒரு பக்கம் போவேன், பூட்ஸ் கொஞ்சம் தாமதமாக வரும். குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸ் ஒட்டிக்கொண்டதை அம்மா வெந்நீரில் நனைத்துப் பிரித்தெடுத்தாள். போதாக்குறைக்குத் தொப்பிக்கும் பெல்ட்டுக்கும் எங்களிடம் காசு வாங்கினார்கள். அது இலவசம் என்பதே பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது நிலைமை மாறிவிட்டது. 2022 முதல் உடுப்புக்கான பணத்தை மாணவர் பெயரிலுள்ள ஸ்டேட் பேங்க் கணக்கிலேயே போடும் முறை வந்திருக்கிறது. ஆகவே கணக்கு திறந்தாயிற்றா, பணம் வந்ததா என்று கேட்பது இப்போது பெற்றோரின் வேலை. தனியார் பள்ளிகளில் சுயநிதித் திட்டத்தில் நடக்கும் ட்ரூப் என்றால் செலவு பள்ளியின் பொறுப்பு, அந்தச் செலவு சுற்றி வந்து உங்கள் ஃபீஸ் ரசீதில் நிற்கலாம். எது எதற்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முகாம் என்பது பத்து நாள். பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்தில் நடக்கும், சில நூறு பேர் கூடுவார்கள். இருட்டு விலகுவதற்குள் விசில். அதன்பின் பி.டி., டீ, டிரில், வகுப்பு, தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை. வரைபடம் பார்த்து வடக்கைக் கண்டுபிடிப்பது, முதலுதவி, கூடாரம் அடிப்பது எல்லாம் உண்டு. எல்லோரும் காத்திருப்பது துப்பாக்கி சுடுவதற்காக. .22 ரைஃபிளில் கைவிரல் எண்ணிக்கையில் தோட்டா தருவார்கள். படுத்த நிலையில் மூச்சைப் பிடித்துச் சுட வேண்டும். சினிமாவில் பார்த்ததுபோல் எதுவும் நடக்காது, தோள்பட்டையில் ஒரு சின்னத் தள்ளல், காகிதத்தில் ஒரு பொட்டு. ஆனால் கக்கூஸ் வரிசையில் நின்றதும், பக்கத்துப் படுக்கைக்காரன் இரவில் வீட்டை நினைத்து அழுததும்தான் பிற்பாடு நினைவில் இருக்கின்றன. எடுத்துப்போக வேண்டியவை: தட்டு, டம்ளர், பூட்டு, கொசுவலை, இரண்டு ஜோடி உள்ளாடை கூடுதலாக. இதை யாரும் பட்டியலில் எழுதித் தர மாட்டார்கள்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருவோம். வேலைக்கு ஆகுமா?

மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் பணிக்கு எஸ்.எஸ்.சி. (பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் தேர்வில் என்.சி.சி. 'சி' சான்றிதழுக்கு மொத்த மதிப்பெண்ணில் 5 சதவீதம், 'பி'க்கு 3, 'ஏ'வுக்கு 2 சதவீதம் ஊக்க மதிப்பெண் உண்டு. தேர்வு 160 மதிப்பெண்ணுக்கு என்றால் பள்ளியில் வாங்கும் 'ஏ'வின் விலை 3.2. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் இது சின்னதல்ல, ஆனால் இதை வைத்துக்கொண்டு மட்டும் யாரும் தேர்வாவதில்லை. தமிழ்நாட்டுக் காவலர் தேர்விலும் என்.சி.சி.க்குச் சிறப்பு மதிப்பெண் இருக்கிறது. ராணுவ அதிகாரி ஆவதுதான் பெரிய வாசல்: 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக நேர்முகத் தேர்வுக்குப் போய், தேறினால் சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதமியில் சேரலாம். ஆனால் 'சி' என்பது சீனியர் பிரிவில் மூன்று வருடம். அதாவது எட்டாம் வகுப்பில் போடும் பூட்ஸ் அந்த வாசலுக்கு வழிகாட்டும், கொண்டுபோய் விடாது. போகிற கல்லூரியில் என்.சி.சி. இருக்கிறதா என்பதையும் அப்போது பார்த்தாக வேண்டும். இதையெல்லாம் "என்.சி.சி. இருந்தா போலீஸ் வேலை" என்று ஒரே வரியில் சுருக்கிச் சொல்கிறவர்கள் பிள்ளைகளுக்கு நல்லது செய்யவில்லை.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் பிள்ளைகளைத் தங்கவைத்தார்கள். பயிற்சியாளர் என்று வந்தவனுக்கும் என்.சி.சி.க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பள்ளியில் என்.சி.சி. ட்ரூப்பே கிடையாது. 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள், வேறு சில மாணவிகளும் சீண்டலுக்கு ஆளானார்கள். தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாத பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். காக்கி உடுப்பையும் மிடுக்கான குரலையும் பார்த்துவிட்டு ஒருவரும் ஒரு காகிதத்தைக் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவு போதுமானதாக இருந்தது.

உண்மையான ட்ரூப்பை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. அது ஒரு பட்டாலியனின் கீழ் இருக்கும், அந்தப் பட்டாலியனுக்கு அலுவலகமும் ராணுவத்திலிருந்து வந்த கமாண்டிங் ஆபீசரும் இருப்பார்கள். நம் பக்கத்துப் பட்டாலியன்களுக்கு மேலே மதுரை குரூப் தலைமையகம், அதற்கும் மேலே சென்னையில் இயக்குநரகம். ஒவ்வொரு கேடட்டுக்கும் ரெஜிமென்ட் எண் கிடைக்கும். முகாமை நடத்துவது பட்டாலியன்தான், வெளியாள் யாரும் 'கான்ட்ராக்ட்' எடுத்து நடத்த முடியாது. பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது எழுத்தில் உத்தரவு இருக்கும், பெண்பிள்ளைகளோடு பெண் அதிகாரியோ ஆசிரியையோ போவார். பட்டாலியன் எது என்ற கேள்விக்குப் பள்ளி அலுவலகத்தில் உடனே பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏதாவது தப்பாக நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417. இரண்டையும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்து கொடுங்கள்.

அசல் என்.சி.சி.க்குள்ளும் அடி உதை இல்லாமல் இல்லை. 2023இல் மகாராஷ்டிரத்தின் தானேயில் ஒரு கல்லூரியில் மழைத்தண்ணீரில் மாணவர்களைத் தலைகுப்புற நிறுத்திவைத்து ஒரு சீனியர் மாணவன் கட்டையால் அடித்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. இங்கும் 'சார்ஜென்ட்' பட்டை கிடைத்த ஒன்பதாம் வகுப்புப் பையன் எட்டாம் வகுப்பை உருட்டுவது உண்டு. ஒழுக்கம் என்ற பெயரில் அதைக் கண்டுகொள்ளாமல் விடுகிற பள்ளியும் உண்டு, முதல் நாளே பட்டையைப் பிடுங்குகிற பள்ளியும் உண்டு.

எது எந்தப் பள்ளியில் என்பதைத் தீர்மானிக்கிறவர்தான் நான் முதலில் சொன்ன அந்த ஆள். ஊரில் 'என்.சி.சி. சார்' என்பார்கள், காகிதத்தில் ஏ.என்.ஓ. (அசோசியேட் என்.சி.சி. ஆபீசர்). அவர் ராணுவக்காரர் இல்லை, அதே பள்ளியில் கணக்கோ வரலாறோ எடுக்கும் ஆசிரியர். ஆண் என்றால் நாக்பூர் பக்கத்து காம்ப்டியிலும், பெண் என்றால் குவாலியரிலும் பயிற்சி முடித்து வந்தால் 'தேர்டு ஆபீசர்' என்ற பதவி கிடைக்கும். அதுவரை வெறும் 'கேர்டேக்கர்'. டிரில் சொல்லித்தர பட்டாலியனிலிருந்து ஹவில்தார் வருவார், போவார். பிள்ளையின் பெயர், பஸ், வீட்டு நிலைமை, எதற்காக இரண்டு வாரம் வரவில்லை என்பதெல்லாம் தெரிந்தவர் இந்த ஆசிரியர் ஒருவர்தான். கிடைக்கும் மதிப்பூதியம் சொற்பம், சனிக்கிழமை போகும், மாற்றலாகிப் போனால் அந்த இடத்துக்கு ஆள் கிடைக்காது. நல்ல என்.சி.சி. சார் மாற்றலாகிப் போனதும் ட்ரூப் படுத்துவிட்ட பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். சேரும் முன் ஒரு சனிக்கிழமை மைதான ஓரத்தில் நின்று அவர் பிள்ளைகளை எப்படி அழைக்கிறார் என்று கேளுங்கள். பெயர் சொல்கிறாரா, 'டேய்' என்கிறாரா, சாதியை நினைவூட்டும் பட்டப்பெயரா?

சாதி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நாங்குநேரியில் 2023இல் சாதிப் பகையில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. எல்லாச் சமூக மாணவரும் சேர்ந்த, தனிச் சீருடையும் அணிவகுப்பும் உள்ள ஒரு சமூகநீதி மாணவர் படையையும் யோசனையாகச் சொன்னது. அந்த யோசனை எங்கிருந்து பிறந்திருக்கும் என்பது மைதானத்தில் நின்றவனுக்குப் புரியும். என்.சி.சி.யில் முதல் நாள் வரிசையை உயரம் வைத்து அமைப்பார்கள். நெட்டை வலது ஓரம், குட்டை இடது ஓரம். காலனியிலிருந்து வந்தவனும் மேலத்தெருக்காரனும் ஒரே உயரமாக இருந்தால் இரண்டு வருடமும் பக்கத்தில் பக்கத்தில்தான். இதைப் பெரிதாக்கிச் சொல்லவும் கூடாது. பரேடு முடிந்து சைக்கிள் எடுக்கும்போது கூட்டம் பழையபடி பிரிவதை நானே பார்த்திருக்கிறேன்.

என்.சி.சி. ஒத்துவராத பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது. சாரணர் இயக்கம், இளம் செஞ்சிலுவைச் சங்கம், மேல்நிலையில் நாட்டு நலப்பணித் திட்டம். கேரளத்தில் 2010இல் தொடங்கி, 2018இல் நாடு முழுவதும் அறிவிக்கப்பட்ட மாணவர் காவல் படை எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கானது, சில அரசுப் பள்ளிகளில் இருக்கிறது. உடம்பை வருத்தாமல் ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் பிள்ளைக்குச் செஞ்சிலுவையே போதும்.

ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் உடுப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பூட்ஸை எண்ணெய் போட்டுத் துடைத்து, லேஸைத் துவைத்து எடுத்துப் போனேன். ஸ்டோர் வாசலில் கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்த்தேன். தினத்தந்தி தேவைப்படவில்லை, எட்டாம் நம்பர் சரியாக இருந்தது. வாங்கிக்கொண்டவர் அடியைத் தட்டிப் பார்த்து, சாக்பீஸால் உள்ளே ஏதோ எழுதி, ஓரத்தில் இருந்த குவியலில் போட்டார். வெளியே புது எட்டாம் வகுப்புக்காரர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவனுக்குக் கால் ஐந்துகூட இருக்காது.